துப்பாக்கியை உறையோடு பூட்டி வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் அப்பாவின் பன்னிரண்டு போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அப்பா காலமான பிறகு லைசென்ஸ் இப்போதுதான் அவர் பெயருக்கு மாறியிருக்கிறது. உறையின் ஜிப்பை இழுத்ததுமே நனைந்து காய்ந்த சாக்கு வாடை அடித்தது. குழலைப் பார்ப்பதற்கு முன்பே துருப்பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எண்ணெய் போட்டுத்தானண்ணே வச்சேன்" என்றார். நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையைச் சொன்னவன்தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துடைப்பதற்கு முன் தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அது கைவராதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

உறையோடு பூட்டி வைப்பது

2011 சட்டமன்றத் தேர்தல். மார்ச் 1 அறிவிப்பு, ஏப்ரல் 13 வாக்குப்பதிவு, வாக்கு எண்ணிக்கை மே 13. தேர்தல் என்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். நானும் நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி, உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்த கித்தான் உறையில் போட்டு, ஜிப்பை இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்திரமாக வைத்த திருப்தியோடுதான் வந்தேன்.

இரண்டரை மாதம் கழித்துத் திரும்ப வாங்கினேன். வீட்டில் உறையைத் திறந்தால் துணி குழலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தேன். உறையின் தையல் கோடு அப்படியே குழலின் மேல் துருவாகப் பதிந்திருந்தது, ஊசி இறங்கிய ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக. வைத்துக்கொடுத்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, கொடுத்தபடியே வைத்திருந்தார்கள். தவறு முழுக்க என்னுடையது.

நடந்தது இதுதான். கம்பளியும் கித்தானும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பின் மேல் நாம் தடவிய மெல்லிய எண்ணெயையும் அதே துணி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். எண்ணெய் துணிக்குப் போகிறது, ஈரம் இரும்புக்கு வருகிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். எங்கள் தூத்துக்குடியில் அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு, கூடவே உப்புக்காற்று. உப்பு பட்ட இடத்துக்கு அந்த 60கூடத் தேவையில்லை. தோல் உறை இன்னும் மோசம்: பதனிட்டபோது ஏறிய உப்பும் அமிலமும் தோலிலேயே தங்கியிருக்கும். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியும் அப்படித்தான். உறை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு. வைப்பதற்கு அல்ல.

வீட்டில் என்றால் இரும்பு அலமாரியில், உறையில்லாமல் நிறுத்தி வையுங்கள். கூடவே ஒரு டப்பா சிலிக்கா ஜெல். நீல மணிகள் வெளிர் ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம்; சூடேற்றி உலர்த்தினால் திரும்ப நீலமாகும். பலர் மணியை வாங்கிப் போட்டதோடு சரி, நிறம் மாறி ஒரு வருடமானாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒப்படைக்கும்போது? வெறும் எண்ணெய் போதாது. குழலுக்கு உள்ளும் புறமும் மெல்லிய கிரீஸ் பூச்சு. அதன்மேல், எந்திர உதிரிபாகங்களைச் சுற்றி வருமே, அந்த விசிஐ துருத்தடுப்புக் காகிதம். அதற்குப் பிறகு உறை. இடையில் போய்த் துடைத்துவிட்டு வரலாம் என்ற நம்பிக்கையே வேண்டாம். 2024இல் நாடாளுமன்றத் தேர்தலை மார்ச் 16 அறிவித்தார்கள். நமக்கு ஏப்ரல் 19ஆம் தேதியே வாக்குப்பதிவு முடிந்தும் எண்ணிக்கை ஜூன் 4தான். எண்பது நாள். இந்தத் தம்பியின் துப்பாக்கி அந்த எண்பது நாளும் உறைக்குள் இருந்தது. அப்பா உடம்புக்கு முடியாமல் இருந்ததால், வீட்டுக்கு வந்த பிறகும் உறையைவிட்டு அது வெளியே வரவேயில்லை.

இன்னொன்று: கிரீஸ் பூசினால் விசைக் காப்பு வளையத்தில் ஒரு அட்டை கட்டி, "குழலுக்குள் கிரீஸ்" என்று எழுதி வையுங்கள். அதைத் துடைக்காமல் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

டபிள்யூடி-40ஐ நம்பி விடுவது

1953இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்கென்றே செய்த கலவை. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். மழையில் நனைந்த துப்பாக்கிக்கு அருமையான மருந்து. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகி, மிஞ்சுவது மெல்லிய படலம்தான். அடித்துத் துடைத்த பிறகு கன் ஆயில் போட்டே ஆகவேண்டும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்

வேண்டாம். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், பிறகு சிக்கெடுத்து அமிலமாகும்.

எண்ணெயில் குளிப்பாட்டுவது

பயந்தவர்கள் செய்வது. கட்டை (தோளில் வைக்கும் மரப்பகுதி) கீழே இருக்கும்படி நிறுத்தினால், மிகுதி எண்ணெய் விசைப் பகுதி வழியாக இறங்கிக் கட்டையின் கழுத்தில் ஊறும். சில வருடங்களில் மரம் கறுத்து மெதுமெதுவென்று ஆகி, சுடும்போது பிளக்கும். இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு படலம் போதும். நன்றாக எண்ணெய் போட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் குழலின் வாய் கீழே இருக்கும்படி, துணி விரித்து நிறுத்துங்கள்.

பிளாஸ்டிக் கறையை விட்டுவிடுவது

இப்போதைய தோட்டாக்களில் உள்ள பிளாஸ்டிக் குப்பி, போகிற போக்கில் குழலுக்குள் மெல்லிய கோடு கோடாகப் படியும். வெளிச்சத்தில் பார்த்தால் பளபளவென்று சுத்தமாகத் தெரிவது அதுதான். அதற்கு அடியில் ஈரம் சிக்கினால் துரு மறைவாகவே வளர்ந்து குழிபறிக்கும். சால்வென்ட் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பித்தளை பிரஷ் போடுங்கள். பிரஷ் மாட்டிய ராடை எப்போதும் தோட்டா போடும் பக்கத்திலிருந்தே விடுங்கள்.

கரிமருந்துத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மட்டும்: அந்தக் கசடு உப்பு. எண்ணெயில் கரையாது. சுட்ட அன்றே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, முழுக்கக் காயவைத்து, பிறகு எண்ணெய்.

வெறுங்கையால் தடவிக்கொடுப்பது

வியர்வை உப்பு. கடைசியாகத் தொடுவது எண்ணெய்த் துணியாக இருக்கட்டும்.

உப்புத்தாள்

துருவைத் தேய்க்க அதைத் தொடாதீர்கள்.

தம்பியின் துப்பாக்கிக்கு வருகிறேன். வெளித்துருவை எண்ணெய் விட்டு, நாலு சைபர் (0000, மிக மெல்லிய) ஸ்டீல் உல்லால் இரண்டு மாலை நேரம் மெதுவாகத் தேய்த்து எடுத்தோம்; கறுப்புச் சாயம் முக்கால்வாசி பிழைத்தது. இடது குழல் உள்ளே சுத்தம். வலது குழலில், வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே, நான்கு குழிகள். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அந்த இடத்துச் சுவரின் கனத்தை அளந்து சொல்லும்வரை வலது பக்கம் தோட்டா போடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.