வேடியப்பன் ஏன் படுத்துக்கொண்டார்? ஐபோன் படங்களை டெர்மினலில் ஜேபிஜி ஆக்கும் முறை

மல்லச்சந்திரம் கல்திட்டைகளை, அதாவது பழங்கால ஈமச்சின்னங்களைப் பார்க்கப் போன எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். நான்கு பேர் கையில் ஐபோன். திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் நின்ற, வீரன் உருவம் செதுக்கிய நடுகல்லையும் படமெடுத்தோம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இந்தக் கற்களை வேடியப்பன் என்று சொல்லி, மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். மொத்தம் 340 படங்கள். அவற்றை விக்கிமீடியா பொதுவகம் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பொதுவகம் ஹெச்இஐசி என்ற பட வடிவக் கோப்பை வாங்காது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா தானாகச் சேமிப்பதோ அந்த வடிவத்தில்தான்.

இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். 340 படத்தை ஏற்றி இறக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்), இமேஜ்மேஜிக் (படத்தை மாற்றும் கருவி), எக்ஸிஃப்டூல் (படத்துக்குள் இருக்கும் குறிப்புகளைப் படித்துத் திருத்தும் கருவி), இந்த மூன்றுதான். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: கோப்பு உண்மையில் என்ன?

எங்களில் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து, கோப்புப் பெயரின் கடைசியில் இருந்த ஹெச்இஐசியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதி அனுப்பியிருந்தார். பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. திறந்தால் 'இது ஜேபெக் கோப்பு இல்லை, 0x00 0x00 என்று தொடங்குகிறது' என்று பிழை வந்தது. ஜேபெக் (ஜேபிஜிதான்) என்றால் எஃப்எஃப் டி8 என்றுதான் தொடங்கும். பெயரை நம்பாமல் இதைக் கேளுங்கள்:

ஃபைல் *

ஒவ்வொரு கோப்பும் எந்த வகை என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிடும்.

படி 2: இமேஜ்மேஜிக்குக்கு ஹெச்இஐசி தெரியுமா?

ஐடென்டிஃபை -லிஸ்ட் ஃபார்மட் | கிரெப் -ஐ ஹெச்இஐசி

விடையில் ஆர் என்ற எழுத்து இருந்தால் படிக்கத் தெரியும். ஒன்றும் வரவில்லையென்றால், மாற்றும்போது 'நோ டிகோட் டெலிகேட்' என்ற பிழைதான் கிடைக்கும். அப்படியானால் லிப்ஹெய்ஃப்-எக்ஸாம்பிள்ஸ் என்ற பொதியை நிறுவி, ஹெய்ஃப்-கன்வெர்ட் கட்டளையால் ஒவ்வொன்றாக மாற்றலாம்.

படி 3: மாற்றுவது

எம்கேடிர் ஜேபிஜி
மோக்ரிஃபை -பாத் ஜேபிஜி -ஃபார்மட் ஜேபிஜி -க்வாலிட்டி 92 *.ஹெச்இஐசி

முதல் வரி ஜேபிஜி என்ற கோப்புறையை உருவாக்கும், இரண்டாவது மாற்றிய படங்களை அதில் போடும். இதில் -பாத் முக்கியம். மோக்ரிஃபை, -பாத்தும் -ஃபார்மட்டும் இல்லாவிட்டால், அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். கேட்காது, எச்சரிக்காது. பழைய பயணம் ஒன்றின் படங்களை அகலம் குறைக்கப் போய், பெரிய படங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் இழந்தேன். அதற்கப்புறம் அசலை வேறொரு டிஸ்கில் நகலெடுக்காமல் இந்தக் கட்டளையைத் தொடுவதே இல்லை.

'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று வந்தால் பதற வேண்டாம். ஐபோன் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி பெரிய எழுத்தில் இருக்கும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

படி 4: படுத்துக்கொண்ட வேடியப்பன்

இரண்டு ராத்திரி போனது இங்கேதான். மாற்றிய படங்களில் அகலவாட்டில் எடுத்தவை சரியாக இருந்தன. நெட்டுவாட்டில் எடுத்தவை எல்லாம் சாய்ந்திருந்தன. வில்லும் அம்புமாக நிற்கவேண்டிய வீரன் படுத்துக்கிடந்தான். வழக்கமான மருந்து, படத்தைத் தானாக நிமிர்த்தும் -ஆட்டோ-ஓரியன்ட். அதைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் படுத்தேதான் இருந்தான்.

காரணம் இது. போனை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தோம் என்பது ஹெச்இஐசியில் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, கோப்பின் சொந்தக் கட்டமைப்பில். மற்றொன்று, தேதி, இடம் போன்றவற்றைப் படத்தோடு சேர்த்து வைக்கும் எக்ஸிஃப் குறிப்பில். மாற்றும் கருவி முதல் குறிப்பைப் படித்துப் படத்தை நிமிர்த்திவிடுகிறது. என்னிடம் இருந்த பழைய பதிப்பு, எக்ஸிஃப் குறிப்பை அப்படியே ஜேபிஜிக்குள் கொண்டுபோய்விட்டது. அதைப் பார்த்து -ஆட்டோ-ஓரியன்ட் இன்னொரு தடவை திருப்புகிறது. அதைப் போடாவிட்டாலும் படம் காட்டும் செயலி திருப்பிவிடுகிறது. ஏற்கெனவே நிமிர்ந்து நிற்பவனை நிமிர்த்தினால் படுக்காமல் என்ன செய்வான்?

ஆகவே -ஆட்டோ-ஓரியன்ட்டை விட்டுவிட்டு, மாற்றிய பின் குறிப்பை மட்டும் 'நேராக இருக்கிறது' என்று திருத்துங்கள்:

எக்ஸிஃப்டூல் -ஓரியன்டேஷன்=1 -என் ஜேபிஜி/*.ஜேபிஜி

எக்ஸிஃப்டூல் நல்ல பிள்ளை, ஒவ்வொரு கோப்புக்கும் அசல் நகல் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தொடும். புதிய பதிப்புகள் இந்தக் குறிப்பைத் தாமாகவே திருத்திவிடுகின்றன. அதனால் முதலில் நெட்டுவாட்டுப் படம் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

படி 5: இடம் போய்விட்டதா?

எக்ஸிஃப்டூல் -ஜிபிஎஸ்பொசிஷன் ஜேபிஜி/*.ஜேபிஜி

எங்கள் பக்கத்துப் படமென்றால் 12 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்கு என்று ஏதாவது வரவேண்டும். வயல்வரப்பில் நிற்கும் நடுகல்லுக்கு இதுதான் முகவரி. அடுத்த வருடம் தேடிப் போகிறவருக்கு 'புளியமரத்துக்குப் பக்கத்தில்' என்று சொன்னால் இந்த மாவட்டத்தில் எந்தப் புளியமரம் என்று கேட்பார்.

கோப்பு சின்னதாகும் என்று பலரும் -ஸ்ட்ரிப் சேர்க்கச் சொல்கிறார்கள். இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். இடம், தேதி, எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். நிற விவரக் குறிப்பும் போய்விடும். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் இருப்பதால், அந்தக் குறிப்பு போனால் கல்லில் பூசிய மஞ்சளும் குங்குமமும் வெளிறித் தெரியும். வீட்டுப் பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் போடுகிறீர்களா, அங்கே இடத்தை மட்டும் தனியாக நீக்குங்கள்:

எக்ஸிஃப்டூல் -ஜிபிஎஸ்:ஆல்= படம்.ஜேபிஜி

பின்சேர்க்கை 1: எல்லாம் சரியாகச் செய்தும் இடம் வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், படங்கள் வாட்ஸ்அப் வழியாக வந்தவை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கும்போதே எக்ஸிஃப் போய்விடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்தவர் போனில் கேமராவுக்கு லொக்கேஷன் அனுமதி தரவில்லையென்றால் டாக்குமென்ட்டாக வந்தாலும் இடம் இருக்காது.

பின்சேர்க்கை 2: விண்டோஸில் இமேஜ்மேஜிக் நிறுவிவிட்டு, பழைய குறிப்புகளைப் பார்த்து 'கன்வெர்ட்' என்று தட்டியவர்கள் இரண்டு பேர். விண்டோஸில் அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு கட்டளை உண்டு. அது டிஸ்கை ஃபேட் அமைப்பிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றுவது. இமேஜ்மேஜிக் 7இல் எல்லாக் கட்டளையும் 'மேஜிக்' என்றே தொடங்கும். மேலே மோக்ரிஃபை என்று இருக்கும் இடத்தில் மேஜிக் மோக்ரிஃபை என்று தட்டுங்கள்.