கச்சான் திரும்பும் வேளையில் விமானிகள் விடும் தவறுகள்

ஆடி மாதத்தில் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும். பின்னேரம் கடற்காற்று அதை எதிர்த்து ஏறினால் சில நிமிடங்களில் காற்று கிழக்குக்கு மாறிவிடும். காற்றை எதிர்த்தே புறப்பட வேண்டும் என்பதால், வாவியோர விமான நிலையத்தில் ஆயத்தமான விமானம் ஓடுபாதையின் மறுமுனைக்கு உருள வேண்டிவரும். தவறு முளைப்பது அந்த இடைவெளியில்தான்.

1987 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் டெட்ராய்டில் நடந்த விமான விபத்திலும் நடந்தது இதுதான். காற்று மாறியதால் ஓடுபாதை மாறியது, உருளும்போது வாசிக்க வேண்டிய செக்லிஸ்ட் விடுபட்டது, பிளாப் (குறைந்த வேகத்தில் விமானத்தைத் தூக்க உதவும் இறக்கை மடல்) இறக்கப்படவில்லை. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைக் கருவிக்கு மின்சாரமும் போகவில்லை. தரையிலிருந்த இருவர் உட்பட 156 பேர் இறந்தனர்.

செக்லிஸ்ட் இடையில் தடைப்பட்டால் விட்ட இடத்தைத் தேடாதீர்கள், முதல் வரியிலிருந்து வாசியுங்கள். செய்ய நினைத்ததைச் செய்துவிட்டதாகவே மனம் காட்டும். ஓடுபாதை மாறினால் விமானத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, புதிய திசை, பிளாப், புறப்படும் வேகங்கள், இயந்திரம் நின்றால் எங்கே இறங்குவது என்பவற்றை மீண்டும் பேசுங்கள். பிளாப் நெம்புகோலைத் தொட்டது போதாது, காட்டியைப் பார்க்க வேண்டும்.

காலையில் போட்ட கணக்கை மதியத்துக்கும் வைத்திருப்பது அடுத்த தவறு. 36 பாகை வெப்பத்தில், கடல் மட்டத்திலேயே காற்று ஏறத்தாழ 2,500 அடி உயரத்துக் காற்றுப்போல் மெலிந்திருக்கும். வேகமானி வழமையான எண்ணையே காட்டும், ஆனால் தரையில் வேகம் கூடுதல், ஓடும் தூரமும் கூடுதல். “கொஞ்சம் பின்காற்றுத்தானே” என்று இறங்குவது இதைவிட மோசம்: பின்காற்று, தரைதொடும் வேகத்தில் பத்திலொரு பங்கென்றால் ஓட்டம் ஐந்திலொரு பங்கு நீளும்.

கச்சானில் பழகிய கை, வாடை மழையில் பிற்றோ ஹீற்றரை (வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் குழாயைச் சூடாக்கும் கருவியை) போட மறக்கும்.

உயரமானியில் வேறொரு பொறி. நம் பகுதியில் காலை 10 மணியளவில் உச்சத்திலிருக்கும் காற்றழுத்தம், பின்னேரம் 4 மணிக்குள் சுமார் 3 ஹெக்டோபஸ்கல் இறங்குவது வழமை. ஒவ்வொரு ஹெக்டோபஸ்கலும் உயரமானியில் ஏறத்தாழ 28 அடி. உயரமானியில் காலையில் வைத்த அழுத்த எண்ணை மாற்றாதவர், தான் நினைப்பதைவிட 80 அடிக்கு மேல் தாழ்வாகப் பறப்பார். இருட்டிய வாவிக்கு மேலே அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஓடுபாதைக்கு 3 கடல்மைல் இருக்கையில் உயரம் 900 அடியளவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொருந்தாவிட்டால் திரும்ப ஏறுங்கள்: முதலில் வலுவைக் கூட்டி, பிறகு மூக்கை உயர்த்தி, பிளாப்பை ஒரு படி உள்ளிழுத்து, விமானம் ஏறுவது உறுதியானபின் சக்கரத்தை மடக்குங்கள். அவசரத்தில் பிளாப் முழுவதையும் ஒரேயடியாக இழுத்தால் விமானம் தாழும்.