பிணைக்கைதி நெருக்கடி பற்றிய ஆவணப்படத்தைக் கவனித்துப் பார்ப்பது எப்படி?

1973 ஜனவரி 19 அன்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் துப்பாக்கிகளைக் கொள்ளையடிக்க நான்கு இளைஞர்கள் நுழைந்தார்கள். காவல்துறை கடையைச் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் பிணைக்கைதிகளானார்கள். ஒரு காவலர் குண்டடிபட்டு இறந்தார். 47 மணி நேரம் நீடித்த அந்த முற்றுகையை ஸ்டெஃபான் ஃபோர்ப்ஸ் ‘ஹோல்ட் யுவர் ஃபயர்’ (2021) என்ற ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். சக காவலரைப் பறிகொடுத்த பிறகும் காவல்துறை கடைக்குள் பாயாமல் பொறுத்திருந்த நேரம்தான் இதன் உயிர்நாடி என்பது என் கருத்து. அந்தப் பொறுமையைக் கவனிப்பதற்கு ஏற்றபடி படத்தை அணுக வேண்டும்.

பார்க்கத் தொடங்கும் முன் இரண்டு நிகழ்வுகளைப் படித்துக்கொள்ளுங்கள். 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்து சிறைப் பணியாளர்களைப் பிணையாகப் பிடித்தார்கள்; பேச்சுவார்த்தை கைவிடப்பட்டு, துப்பாக்கிப் பலத்தால் சிறை மீட்கப்பட்டபோது கைதிகள் 29 பேரும் பிணைக்கைதிகள் 10 பேரும் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின்போது நடந்த பிணைக்கைதி நெருக்கடியில் இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டும் மனத்தில் இருந்தால்தான், உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற காவலரான ஹார்வி ஷ்லாஸ்பெர்க் சொன்ன யோசனை அன்றைய காவல்துறைக்கு எவ்வளவு புதிது என்பது புரியும். இடத்தைச் சுற்றி வளைத்து, ஆபத்து வெளியே பரவாமல் தடுத்து, பேச்சைத் தொடர்ந்தபடி நேரத்தைக் கடத்த வேண்டும் என்றார் அவர். நேரம் போகப்போகப் பசியும் தூக்கமும் களைப்பும் ஆவேசத்தைக் குறைக்கும்; உள்ளே இருக்கும் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் மனிதர்களாகப் பார்க்கத் தொடங்குவார்கள் என்பதே அதன் அடிப்படை.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு தாளில் மூன்று பத்திகள் பிரித்து, அந்தந்த மணி நேரத்தில் கடைக்குள் இருந்தவர்களுக்கு என்ன தெரியும், காவல்துறை என்ன நினைத்தது, பார்வையாளராகிய நமக்கு மட்டும் என்ன தெரியும் என்று தனித்தனியே எழுதிக்கொண்டு வாருங்கள். இந்த வேலை அலுப்பாகத் தோன்றினாலும் விட்டுவிட வேண்டாம். உதாரணமாக, உள்ளே இருப்பவர்கள் ‘கறுப்பின விடுதலைப் படை’ என்ற ஆயுதக் குழுவினர் என்று காவல்துறை சந்தேகித்தது. அந்த இளைஞர்களோ சுன்னி முஸ்லிம்கள். அதற்கு முந்தைய நாள் வாஷிங்டனில் ஹனஃபி என்ற சுன்னி பிரிவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தினர் படுகொலை செய்யப்பட்டிருந்த அச்சத்தில், தற்காப்புக்காகவே ஆயுதம் தேடியதாக அவர்கள் தரப்பு கூறுகிறது. இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தால், ஆளைத் தவறாக எடைபோட்ட நிலையில் பேச்சைத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பது தெளிவாகும்.

நேர்காணல்களைப் பார்க்கும்போது, நினைவுகள் முரண்படும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் சொல்வது உண்மை என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பின்னணி இசை ஓங்கும் இடங்களில் ஒலியை நிறுத்திவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டுங்கள். பதற்றம் காட்சியில் இருக்கிறதா, படத்தொகுப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கடை உரிமையாளர் பிணைக்கைதிகளை மறைவான படிக்கட்டு வழியே மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று தப்ப வைத்ததைத் தனியாகக் கவனியுங்கள். பேச்சுவார்த்தை மட்டுமே அவர்களை மீட்டது என்று சொல்லிவிட முடியாது. தப்பும் வழியைப் பயன்படுத்த அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது அந்தக் காத்திருப்பினால்தான். அதன் பிறகு சில மணி நேரத்தில் இளைஞர்கள் சரணடைந்தார்கள்.

வாய்ப்பிருந்தால், ஸ்டான்லி நெல்சனின் ‘அட்டிகா’ ஆவணப்படத்தை (2021) அடுத்த நாளே பாருங்கள். அதே தாளில் நான்காவது பத்தி ஒன்றைச் சேர்த்து, அங்கே பேச்சை நிறுத்த முடிவெடுத்தவர் யார், அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று எழுதுங்கள்.