எதிர்க்கட்சி எம்.பி. வழியாக ஓய்வூதிய, சிறை முறையீடுகளைக் கொண்டுசெல்வது எப்படி

பிரிட்டனில் எதிர்க்கட்சி எம்.பி. எவராலும் உங்கள் ஓய்வூதியத்தை உயர்த்தித் தர முடியாது. சிறைக் கதவைத் திறக்கவும் முடியாது. 1950களில் பிறந்த பெண்களின் ஓய்வூதிய வயது 60லிருந்து 66ஆக உயர்த்தப்பட்டதன் பாதிப்பைக் குறைக்க இடைக்கால ஏற்பாடுகள் கோரி, ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் மைரி பிளாக் 2016 ஜனவரியில் கொண்டுவந்த தீர்மானம் 158க்கு 0 என்ற கணக்கில் நிறைவேறியும், அது அரசைக் கட்டுப்படுத்தவில்லை. எம்.பி.யால் ஆகக்கூடியது, துறையை எழுத்தில் பதில் சொல்லவைப்பதுதான்; அதற்கு வேண்டிய சரக்கை நீங்கள்தான் தர வேண்டும்.

முதலில் துறைக்கே முறையிட்டு, அதன் இறுதிப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதுங்கள். மற்றத் தொகுதியினரின் வழக்குகளை எம்.பி.க்கள் பொதுவாகக் கையில் எடுப்பதில்லை என்பதால், வீட்டு முகவரியும் போஸ்ட்கோடும் கடிதத்தின் தலையிலேயே இருக்கட்டும். அடுத்து, எந்தத் தேதியில் எந்தக் கடிதம் வந்தது, எது வராமலே போனது என்று வரிசையாக எழுதுங்கள். இந்தத் தேதிகள் அற்பமானவை அல்ல: ஓய்வூதிய வயது உயர்வு பற்றி அந்தப் பெண்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் அனுப்புவதில் துறை 28 மாதங்கள் தாமதித்தது என்ற கண்டறிதலின் மேல்தான், அரசுத் துறைகள் மீதான முறையீடுகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரின் முடிவே நின்றது.

1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுத் துறை மீதான முறையீட்டை அந்தக் குறைதீர்ப்பாளருக்கு எம்.பி. ஒருவரே அனுப்பிவைக்க வேண்டும். பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்த 12 மாதங்களுக்குள் எம்.பி.யிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

சிறை முறையீட்டின் பாதை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைதி முதலில் காம்ப் 1 (COMP 1) என்ற முறையீட்டுப் படிவத்தையும், பதில் திருப்தி தராவிட்டால் மேல்முறையீட்டுக்கான காம்ப் 1ஏ படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். இறுதிப் பதில் வந்த மூன்று மாதங்களுக்குள் சிறைகளுக்கான தனிக் குறைதீர்ப்பாளருக்கு அவரே நேரடியாக எழுதலாம், இதற்கு எம்.பி.யின் கையொப்பம் தேவையில்லை.

தனி வழக்கைத் தாண்டிய அநீதிக்கு ஏற்ற கருவி, எம்.பி. அமைச்சரிடம் கேட்கும் எழுத்துவழிக் கேள்வி. அதன் வாசகத்தை நீங்களே வரைந்து கொடுத்தால் அலுவலக ஊழியர்கள் மகிழ்வார்கள். எடுத்துக்காட்டாக, ஐ.பி.பி. எனப்படும் காலவரையற்ற சிறைத்தண்டனை 2012இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் முன்பே அத்தண்டனை பெற்றவர்களுக்கு அந்த மாற்றம் பொருந்தவில்லை. இதைப் பற்றி “கைதிகள் துன்பப்படுவதை அமைச்சர் அறிவாரா?” என்று கேட்டால் மழுப்பலான பதிலே வரும். “ஒருமுறைகூட விடுவிக்கப்படாதவர்களில், நீதிமன்றம் விதித்த குறைந்தபட்சக் காலம் முடிந்து பத்தாண்டுகளைக் கடந்தவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டால் எண் வரும். கேள்வியை அகலமாக விரித்துவிடாதீர்கள். பதிலைத் திரட்ட 850 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்று காட்டி அமைச்சர் மறுத்துவிடலாம்.

நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரின் பரிந்துரையும் அரசைக் கட்டாயப்படுத்தாது. 1950களில் பிறந்த அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு தரலாம் என்று 2024 மார்ச்சில் வெளியான அறிக்கை சொல்லியும், அதே ஆண்டு டிசம்பரில் அரசு மறுத்துவிட்டது. அப்படி மறுத்தால், மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் அடுத்த எழுத்துவழிக் கேள்வியை எம்.பி.யிடம் கொடுங்கள்.