புதிதாக ஆபரேசன் தியேட்டருக்கு வரும் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் உள்ள மருத்துவமனைகளின் தியேட்டர்களுக்கு, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து படிப்பை முடித்த கையோடு வந்து சேரும் செவிலியர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கருவிகளின் பெயர் தெரியாமல் அவர்கள் தடுமாறுவது எனக்குக் கவலை தருவதில்லை. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸையும் அல்லிஸையும் சில மாதங்களில் கையே பிரித்தறிந்துவிடும். ஒன்றும் தெரியாதவள் என்று மூத்தவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று அஞ்சி, சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் கவலை தருகிறது.

அறுவையின்போது இரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணியான மாப்பை எண்ணும்போது இப்படி வாயை மூடிக்கொள்வது மிக ஆபத்தானது. ஒரு கட்டுக்குள் ஐந்து மாப் இருக்கும் என்று நம்பி அப்படியே எழுதிவிடுகிறார்கள். கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றையும் உதறி, அதன் நாடாவைத் தொட்டு, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்கிரப் நர்ஸும், மேசைக்கு அப்பால் நின்று உதவும் சர்குலேட்டிங் நர்ஸும் ஒருசேர வாய்விட்டு எண்ண வேண்டும். அறுவை தொடங்குமுன், வயிற்றறையை மூடுமுன், தோலைத் தைக்குமுன் என மூன்று முறையாவது எண்ண வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிசேரியன் முடியும் தறுவாயில் மருத்துவர் “கவுண்ட் சரியா?” என்று கேட்டபோது, எண்ணி முடிக்காமலே “சரி” என்று சொல்லிவிட்டேன். பிறகு எண்ணினால் பத்துக்கு ஒன்பதுதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்த மூத்த அக்கா, “ஏ பிள்ள, என்ன குறையுது? வாயத் தொறந்து சொல்லு” என்றார்கள். சொன்னேன். தையல் நின்றது. பயன்படுத்திய மாப்புகளைப் போடும் கிக் பக்கெட்டின் அடியில், இரத்தத்தில் ஊறிய இரண்டு மாப்புகள் ஒன்றாக ஒட்டி ஒரே துணிபோலக் கிடந்தன. அக்கா அவற்றைப் பிரித்து என் கண் முன்னே தூக்கிக் காட்டினார்கள். கிடைக்காமல் போயிருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள், மாப்பில் உள்ள இழை அதில் தெரியும்; ஆனால் நான் பேசாதிருந்தால் அதற்கும் வழி இருந்திருக்காது.

ஸ்டெரைல், அதாவது கிருமி நீக்கிய, கவுனை உடுத்தியதும் உடல் முழுவதும் ஸ்டெரைல் ஆகிவிட்டதாக எண்ணுவதும் தவறு. முன்புறத்தில் மார்பிலிருந்து மேசை மட்டம் வரையிலும், கைகளில் முழங்கைக்குச் சற்று மேல் வரையிலும்தான் அந்தக் கணக்கு. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஏ.சி. குளிரில் கைகளை அக்குளில் செருகிக்கொள்ளும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அக்குள் ஸ்டெரைல் அல்ல. கையுறை எங்காவது பட்டுவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும் அந்த நொடியே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மூத்தவர் கடிந்துகொள்வது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். புண் சீழ் பிடித்தால், அந்த நோயாளி கட்டு மாற்றுவதற்காக ராதாபுரத்திலிருந்து வாரக்கணக்கில் பஸ் ஏறி வர வேண்டியிருக்கும்.

நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தெடுத்த பொட்டலத்தின் டேப்பில் கறுப்புக் கோடுகள் தெரிவதால் மட்டும் உள்ளிருப்பது ஸ்டெரைல் ஆகிவிட்டது என்று பொருளல்ல. பொட்டலம் சூட்டுக்கு உட்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும். உள்ளே வைத்த, கிருமி நீக்கத்தைச் சோதிக்கும் இண்டிகேட்டரையும் பாருங்கள், ஈரமான பொட்டலத்தைத் திருப்பி அனுப்புங்கள். சோதனைக்கு எடுக்கும் பயாப்சி சதையை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவதை ஒருபோதும் அதில் போடக் கூடாது, கிருமிகள் செத்துவிடும். பெயர்ச்சீட்டை மூடியில் அல்ல, டப்பாவின் உடலில் ஒட்ட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை வெறும் கையெழுத்துச் சடங்காக முடிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி வெளியேறுமுன் என்று அது மூன்று இடங்களில் நம்மை நிறுத்துகிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள், வெள்ளை உடுப்பைக் கண்டதும் எதைக் கேட்டாலும் “ஆமா தாயி” என்பார்கள். ஆகையால் “இசக்கியம்மாள்தானே?” என்று கேட்கக் கூடாது, ஒரே நாள் பட்டியலில் இரண்டு இசக்கியம்மாள் இருப்பது இங்கே அபூர்வமல்ல. “உங்க பேரென்ன ஆச்சி, எந்த ஊரு, எதுக்கு ஆபரேசன்?” என்று கேட்டுவிட்டு, அவர் தம் வாயால் சொல்லி, எந்தப் பக்கம் என்று தம் கையாலேயே தொட்டுக் காட்டும் வரை காத்திருங்கள்.