காரத்தின் மேல் பழி: குடல் அழற்சிக்காரர்கள் செய்யும் தவறுகள்

"ஏம்ப்பா, காரத்தை விட்டுட்டியா?" காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டு ஆச்சிகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். எனக்குப் பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற அழற்சி நோய். குரோன் நோய் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைப் புண்ணாக்குகிறது. மிளகாய் இருக்கிற எரிச்சலைக் கூட்டலாம், நோயை உண்டாக்குவதில்லை.

நான் செய்த பெரிய தவறு, நோய் கிளம்பியிருந்தபோது சாப்பிட்டதையே அது அடங்கிய பிறகும் சாப்பிட்டதுதான். குழைந்த சோறு, இட்லி, மோர், மாதக்கணக்கில் இதுவேதான். ரத்தம் போவது நின்றுவிட்டது. ஆனால் தொடை வற்றி, முகப்புப் படி ஏறவே மூச்சு வாங்கியது. அழற்சி புரதத்தையும் இரும்பையும் தின்றுவிடுகிறது, அதை யார் திருப்பித் தருவது? முட்டை, மீன், தோல் நீக்கிய பாசிப்பருப்பு என்று ஏறிய பிறகுதான் உடம்பு தேறியது. எனக்கு எங்கள் பக்கத்துப் பருப்பு இனிப்பான கும்மாயம்கூட ஒத்துக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சத்து என்று சொல்லி, வயிறு புரட்டிக்கொண்டிருக்கும்போதே கவுனி அரிசியைக் கிண்டிக் கொடுப்பார்கள். அதன் கறுப்புத் தோல் முழுக்க நார். அரிசி கழுவிய தண்ணீரில், விதையோடு போட்டு வைக்கிற வெண்டைக்காய் மண்டியும் அப்படித்தான். குரோனில் குடல் சுருங்கியிருந்தால் நார் அடைத்துக்கொள்ளவும் கூடும். நோய் அடங்கட்டும், அப்புறம் தோல் சீவி நன்றாக வேகவைத்த காயில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுச் சேர்க்கலாம். சுருக்கம் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் சேர்க்க வேண்டும்.

முட்டி வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிப் போடாதீர்கள், நோயைக் கிளப்பிவிடலாம். அந்த வலியே இந்த நோயின் கிளையாகவும் இருக்கலாம். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மெசலமைன் மருந்தை நிறுத்துவதும் தப்பு. கொலைட்டிஸை அடக்கியே வைத்திருப்பது அதுதான். ஸ்டீராய்டு வேறு ரகம். நீண்ட நாள் எடுத்தால் எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும்.

எலும்புக்காகத்தான் நடை. நோய் கிளம்பியிருக்கும்போது ஓய்வு, சரி. அதையே பழக்கமாக்கி வருஷம் முழுக்கக் கட்டிலில் கிடப்பவர்களைப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நான் எங்கள் ஊரணியை மட்டுமே சுற்றினேன். காரணம் ஆரோக்கியமில்லை, எந்த மூலையில் நின்றாலும் வீட்டுக் கொல்லைக்கு ஓடிவிடலாம்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை வரச் சொல்லிப் பங்காளிகள் கூப்பிடுகிறார்கள். இந்த வருஷம் வழியில் இருக்கிற குன்றக்குடி வரை நடந்துவிட்டுத் திரும்பலாம் என்றிருக்கிறேன். பையில் 2 ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு மாற்று வேட்டி.