பெரிய பவளத் தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்குபவர்கள், நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியான ஸ்கிம்மரை வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து, அதைவிட ஒரு படி பெரியதாகவே எடுத்துவிடுகிறார்கள். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் 500 லிட்டருக்கு மேற்பட்ட பவளத் தொட்டிகளில் நான் பார்த்தவரை, ஒழுங்காக நுரை தராத ஸ்கிம்மர்களில் பல நல்ல தரமானவை; அந்தத் தொட்டிக்கும் அதன் அடியில் இருந்த சம்ப் எனும் துணைத் தொட்டிக்கும் அவை பொருந்தவில்லை. ஆகவே இந்தச் செய்முறையில் முதலில் தொட்டியை அளப்போம், கருவியைப் பிறகு தேடுவோம்.

அதற்கு முன், ஸ்கிம்மர் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது அவசியம். மீன்களின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பவளங்கள் சுரக்கும் சளி ஆகியவற்றிலிருந்து நீரில் கரையும் கரிமச் சேர்மங்கள் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரிலிருந்து விலகும். விலகும் முனை காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, குமிழி அதைச் சுமந்துகொண்டு மேலேறுகிறது. ஸ்கிம்மரின் உடற்பகுதியில் லட்சக்கணக்கான நுண்குமிழிகள் இவ்வாறு ஏறிக் குறுகலான கழுத்துப் பகுதியில் நெருங்கும்போது, இடையில் உள்ள நீர் வடிந்து நுரை கெட்டியாகிறது. பிறகு அது மேலே உள்ள கோப்பையில் வழிந்து பழுப்புநிற நீராகத் தேங்குகிறது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேராமல் நுண்ணியவையாகவே நிற்பதால்தான் இது நடக்கிறது. நன்னீரில் அவை சேர்ந்து பெரிதாகிவிடுவதால், இதே கருவி அங்கே பெரும்பாலும் பயன்படுவதில்லை.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஸ்கிம்மர் நேரடியாக அகற்றாது. அவை உருவாவதற்குக் காரணமான கரிமப் பொருள்களை அழுகும் முன்பே வெளியேற்றுவதே அதன் பணி. அதோடு நீரில் ஆக்சிஜனைக் கூட்டி, மிகுதியான கார்பன் டை ஆக்சைடு வெளியேறவும் உதவுகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும் பவளத் தொட்டிக்கு இந்த இரண்டாவது பயனும் சிறிதல்ல.

படி 1: உண்மையான நீரளவைக் கணக்கிடுங்கள்

நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் 55 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் 594 லிட்டர். சம்ப் 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமுமாக இருந்து, அதில் 25 செ.மீ. நீர் நின்றால் ஏறத்தாழ 101 லிட்டர். இரண்டையும் கூட்டி, பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்துக்காக 60 லிட்டரைக் கழித்தால் 635 லிட்டர் வருகிறது. விவரக்குறிப்பு கேலனில் இருந்தால், ஓர் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: உயிரினச் சுமையை மதிப்பிடுங்கள்

மீன்களின் எண்ணிக்கையும் இடும் தீனியின் அளவும் சேர்ந்ததே இந்தச் சுமை. பல தயாரிப்பாளர்கள் குறைந்த சுமைக்கு ஓர் அளவும் அதிகச் சுமைக்கு வேறோர் அளவும் தருகிறார்கள். ஒரே எண் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால் அதைக் குறைந்த சுமைக்கானதாகக் கொள்வதும், மீன்கள் நிறைந்த தொட்டிக்கு அதில் பாதியாகக் கருதுவதும் பாதுகாப்பானது. சில சிறு மீன்களோடு பவளங்களே முதன்மையாக உள்ள 635 லிட்டர் தொட்டிக்கு 800 லிட்டர் என்று குறித்த கருவி போதும். அதே அளவு தொட்டியில் டேங் (tang) வகை மீன்கள் பல நீந்தி, நாளுக்கு மூன்று வேளை தீனி இடப்படுமானால் 1200 லிட்டர் குறியீட்டை நோக்கிச் செல்லலாம்.

அதற்கு மேல் போக வேண்டாம் என்பதற்குக் கழுத்தின் விட்டமே காரணம். அகன்ற கழுத்து முழுவதிலும் நுரை உடையாமல் நிற்க அதற்கேற்ற அளவு கரிமப் பொருள் தேவை. அது இல்லாவிட்டால் குமிழிகள் பாதி வழியிலேயே உடைந்து விழும். இரண்டு மூன்று நாட்கள் கோப்பை வெறுமையாக இருந்துவிட்டு, ஒரு நாள் பெருகி வழிந்து, மறுபடியும் அடங்கிவிடும் ஸ்கிம்மரைக் கண்டால், பெரும்பாலும் அது அந்தத் தொட்டிக்கு மிகப் பெரியது என்று அறியலாம்.

படி 3: சம்ப்பை அளந்துகொள்ளுங்கள்

தொடக்க நிலையினர் பெரிதும் தவறவிடும் இடம் இதுதான். சம்ப்புக்குள் நிற்கும் ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் அது நிற்க வேண்டிய நீரின் ஆழம் குறிக்கப்பட்டிருக்கும். பல மாடல்களில் அது 18 முதல் 23 செ.மீ. வரை இருக்கும். வெளியே நீர்மட்டம் மாறினால் உள்ளே உள்ள மட்டமும் சேர்ந்தே மாறுவதால், ஒரு சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வுகூட நுரையின் தன்மையை மாற்றிவிடும். ஆகவே மேல் தொட்டியிலிருந்து வழியும் ஓவர்ஃப்ளோ நீர் வந்து விழும் சம்ப் அறையில், தடுப்புக் கண்ணாடியால் மட்டம் நிலையாக நிற்கும் இடத்தில்தான் ஸ்கிம்மரை வைக்க வேண்டும். ஆவியாவதால் ஏறி இறங்கும் மட்டம், நீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் உள்ள அறையோடு நின்றுவிட வேண்டும். அறை தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால், கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டியையோ அக்ரிலிக் மேடையையோ அடியில் கொடுத்து உயர்த்தலாம். ஆழம் குறைவாக இருந்தால் தடுப்பை உயர்த்துவதைத் தவிர வழி அரிது.

அடிப்பகுதியின் நீள அகலத்தோடு, கேபினட்டின் உட்புற உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கோப்பையை மேல்நோக்கித் தூக்கித்தான் கழற்ற முடியும். அதற்கு இடமில்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கருவி முழுவதையும் அசைக்க நேரும், நாளடைவில் அதைக் கழுவவே மனம் வராது.

படி 4: வகையையும் பம்பையும் முடிவு செய்யுங்கள்

இந்த அளவுத் தொட்டிக்குப் பின்புறம் தொங்கவிடும் வகை பொருந்தாது. சம்ப்புக்குள் நிற்கும் நீடில் வீல் வகையே தொடக்க நிலையினருக்கு ஏற்றது: அதன் பம்பிலுள்ள ஊசிகள் நிறைந்த சக்கரம், வென்ச்சுரி எனும் குறுகலான குழாய்ப் பகுதி வழியாக இழுக்கப்படும் காற்றை நுண்குமிழிகளாகச் சிதறடிக்கிறது. சம்ப்புக்கு வெளியே நிற்கும் ரீசர்குலேட்டிங் வகையில் தனியான பம்ப் ஒன்று நீரை ஊட்டுவதால், சம்ப்பின் மட்டம் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் நீர் தரையில்தான் விழும். 1500 லிட்டரைத் தாண்டும் அமைப்புகளுக்கு ஒரு பெரிய கருவியைவிட இரண்டு நடுத்தரக் கருவிகளையே நான் விரும்புவேன். ஒன்றைக் கழுவும்போதோ அதன் பம்ப் பழுதாகும்போதோ மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும்.

பம்பை ஒப்பிடும்போது, மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது, அதற்கு எத்தனை வாட் செலவாகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்; இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கருவி இது. டிசி பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் சுமை மெல்ல வளரும் புதிய தொட்டிக்கு அது உதவும். ஏசி பம்ப் எளிமையானது, அதில் பழுதாகக்கூடிய மின்னணுப் பாகங்கள் குறைவு.

பிராண்டுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை எண்ணி மிகவும் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009-இல் தம் குழுவினருடன் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தபோது, அவை நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் அகற்றின. மீதமுள்ள பகுதி குமிழியில் ஒட்டுவதே இல்லை. ஆகவே கையாளுவதற்கும் கழுவுவதற்கும் எளிதாக இருக்கிறதா, உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று பார்த்து வாங்குவதே மேல்.

படி 5: பொருத்தி, பழக விடுங்கள்

புதிய கருவியை வினிகர் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிய பின் பொருத்துங்கள். தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப்பசை நீங்கும்வரை, சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை, நுரை நிலையில்லாமல் இருக்கும். அதுவரை நீர் வெளியேறும் வால்வை நன்றாகத் திறந்து உள்மட்டத்தைத் தாழ்வாக வைத்திருங்கள். பிறகு கழுத்தின் அடிப்பகுதியில் குமிழிகள் நுரையாக மாறும்படி மட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒரு முறை திருப்பினால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். என் தொட்டியில் கோப்பையின் வடிகுழாயைச் சம்ப்புக்கு வெளியே ஒரு பெரிய வாளியில் விட்டிருந்தேன். பசை கொண்டு பவளத் துண்டுகளை ஒட்டிய ஒரு மாலைக்குப் பின், அதனால் நுரை கட்டுக்கடங்காமல் பெருகி, ஸ்கிம்மர் இரவெல்லாம் வெறும் கடல்நீரை அந்த வாளியில் கொட்டியது. குறைந்த நீரை ஈடுகட்டத் தானியங்கி நிரப்பி நன்னீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தபோது தொட்டியின் மட்டம் வழக்கம்போலவே இருந்தது. உப்படர்த்தி ஆயிரத்துக்கு 35-இலிருந்து 32-க்கு இறங்கியிருந்தது, பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. ஆகவே கோப்பை நிறைந்தால் பம்பை நிறுத்தும் மிதவை சுவிட்சையும் ஸ்கிம்மரோடு சேர்த்தே வாங்குங்கள். மின்தடைக்குப் பின் சம்ப்பின் மட்டம் உயர்ந்திருக்கும் என்பதால், ரிட்டர்ன் பம்ப் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே ஸ்கிம்மர் இயங்குமாறு அமைப்பதும் நல்லது.

கழுத்தின் உட்புறத்தில் படியும் பிசுக்கு நுரையை ஏறவிடாது. அதை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை துடைத்து, கோப்பையை வாரந்தோறும் கழுவி, பம்பை மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். காற்றுக் குழாயின் முனையில் உப்பு படிந்து காற்று குறைந்தால், சிறிது வெந்நீரை உறிஞ்சவிட்டாலே அடைப்பு கரைந்துவிடும். கழுவி முடித்த பிறகும், கையைத் தொட்டிக்குள் விட்ட பிறகும் சில மணி நேரம் நுரை அடங்கியிருக்கும். அப்போது வால்வைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.